பிறந்த குழந்தைக்குத் திடீரென உடம்பு முடியாமல் போனால்: புதிதாகப் பெற்றோர் ஆனவர்களுக்கு

எங்கள் மகன் பிறந்த 9ஆம் நாள், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் 'சமர்த்துப் பிள்ளை' என்று மெச்சிவிட்டுப் போனார்கள். காலையிலிருந்து அவன் அழவே இல்லை. எழுப்பிப் பால் கொடுத்தால் நாலு வாய் உறிஞ்சிவிட்டு மறுபடி தூங்கினான். மதியம் பக்கத்து ஊர் கிளினிக்கில் காட்டினோம். வாயுத் தொல்லை என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். இரவு 11 மணிக்கு என் மனைவி, "என்னங்க, கால்தான் ஜில்லென்று இருக்கிறது என்று பார்த்தால் வயிறும் ஜில்லிட்டுக் கிடக்கிறது" என்றாள். மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "விடியட்டும் மாப்பிள்ளை. பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் இந்த நேரத்தில் வெளியே கொண்டுபோகக் கூடாது."

விடியும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. இரத்தத்தில் கிருமித்தொற்று என்றார்கள். 14 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். இப்போது நான்கு வயது, வீட்டில் ஒரு பொருளை உருப்படியாக விட்டுவைப்பதில்லை.

அதற்குப் பிறகு யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் நான் வெள்ளிக் கொலுசு வாங்கிப் போவதில்லை. ஒரு தெர்மாமீட்டரும், இரண்டு பக்கத்துக்குக் கையால் எழுதிய ஒரு தாளும் கொண்டுபோகிறேன். அந்தத் தாளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. குழந்தை மருத்துவர்களும் செவிலியர்களும் எல்லாப் பெற்றோருக்கும் சொல்லித்தரும் அடிப்படைகள்தான் இவை. அந்தப் பிரிவின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. படிக்கும்போதே உங்கள் குழந்தையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம், கிளம்புங்கள்.

அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளை

பிறந்து 28 நாள் வரை உள்ள குழந்தையைப் பச்சிளங்குழந்தை என்கிறது மருத்துவம். பெரியவர்களுக்கு நோய் வந்தால் காய்ச்சல் அடிக்கும், இருமல் வரும், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வோம். இந்த வயதில் நிமோனியாவோ, இரத்தத் தொற்றோ, மூளைக்காய்ச்சலோ, சர்க்கரை குறைந்துபோவதோ, பிறவி இதயக் கோளாறோ எதுவாக இருந்தாலும் வெளியே தெரிவது கிட்டத்தட்ட ஒன்றுதான்: குழந்தை பால் குடிக்காது, துவண்டு கிடக்கும், மூச்சும் சூடும் மாறும். என்ன நோய் என்று மருத்துவர் கண்டுபிடித்துக்கொள்வார். நேற்று இருந்ததுபோல் இன்று இல்லை என்பதை வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல முடியும்.

பால். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை குடிக்கும் வயது இது. நேற்றுவரை நன்றாக இழுத்துக் குடித்த குழந்தை அடுத்தடுத்து இரண்டு வேளை மார்பைப் பற்றவில்லை என்றால் உள்ளங்காலை விரலால் இரண்டு மூன்று முறை சுண்டிப் பாருங்கள். முகத்தைச் சுளித்துக் காலை இழுத்துக்கொண்டு அழுதால் சற்று நிம்மதி. லேசாக முனகிவிட்டு மறுபடி கண் சொருகினால் அது சமர்த்து இல்லை, ஆபத்து. 5 நாள் ஆன குழந்தை ஒரு நாளில் 6 முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். துணி நனையாமலேயே பொழுது போகிறது என்றால் போதுமான பால் உள்ளே போகவில்லை. உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தால் நீர்ச்சத்து வற்றியிருக்கிறது. குழந்தை அழாமல் இருக்கும்போதே அது புடைத்துக்கொண்டு நின்றால் அதுவும் அபாயம்.

சூடு. உங்கள் புறங்கையைக் குழந்தையின் வயிற்றில் வையுங்கள், பிறகு பாதத்தில் வையுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாக, பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் குழந்தைக்குக் குளிருகிறது, தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்துங்கள். வயிறும் பாதமும் சேர்ந்து குளிர்ந்திருந்தால் தாமதிக்கக் கூடாது. தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஃபாரன்ஹீட்டில் 97.7 முதல் 99.5. நம் ஊர் வெயிலில் மூன்று துணி சுற்றி வைத்தாலே சூடு ஏறும் என்பதால், 37.5க்குச் சற்று மேலே காட்டினால் துணியைத் தளர்த்தி அரை மணி நேரத்தில் மறுபடி பாருங்கள், இறங்காவிட்டால் கிளம்புங்கள். 38 டிகிரி, அதாவது 100.4 தொட்டுவிட்டால் துணிக் கணக்கெல்லாம் பார்க்கவே வேண்டாம், மருத்துவமனைதான். வீட்டில் பாரசிட்டமால் கொடுத்துப் பார்ப்பது இந்த வயதுக்கு உதவாது. குறைந்துபோவதும் அதே அளவு மோசம். 35.5க்குக் கீழே போனால் உடனே புறப்பட வேண்டும்.

மூச்சு. எண்ணத் தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஒருமுறை மேலே எழும்பி இறங்கினால் ஒரு மூச்சு. கைப்பேசியில் நேரம் வைத்து முழு 60 நொடி எண்ணுங்கள். பிறந்த குழந்தை ஒரே சீராக மூச்சு விடாது என்பதால் 15 நொடி எண்ணி நாலால் பெருக்கும் குறுக்குவழி செல்லாது. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு நிமிடம் எண்ணுங்கள். அப்போதும் 60க்குக் குறையவில்லை என்றால் கிளம்ப வேண்டும். அன்று இரவு டார்ச் வெளிச்சத்தில் நான் எண்ணியது 78.

எண்ணிக்கையோடு வேறு சிலவும் கவனிக்க உண்டு. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் 'ம்... ம்...' என்று முனகுகிறதா? மூன்றில் எது இருந்தாலும் மூச்சுவிடச் சிரமப்படுகிறது என்று பொருள். ஐந்து பத்து நொடி மூச்சு நின்று மறுபடி வேகமாகத் தொடர்வது இந்த வயதின் இயல்பு. 20 நொடி நின்றாலோ, குறைவாக நின்றாலும் கூடவே நீலம் பாய்ந்தாலோ அவசரம்.

நிறம். நம் பிள்ளைகளின் தோலில் நீலம் எளிதில் தெரியாது. உதட்டின் உள்பக்கத்தையும் நாக்கையும் பாருங்கள். அங்கே நீலம் இருந்தால் ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள். பிறந்த முதல் ஓரிரு நாள் கை கால் மட்டும் நீலமாக இருப்பது வேறு, அது போய்விடும்.

வெட்டி இழுப்பது. தூக்கத்தில் கை கால் நடுங்கினால் அந்தக் கையை மெல்லப் பிடித்து மடக்குங்கள். நின்றுவிட்டால் பெரும்பாலும் வெறும் நடுக்கம். பிடித்த கைக்குள்ளும் துடித்துக்கொண்டே இருந்தால் வலிப்பு. பிறந்த குழந்தையின் வலிப்பு பெரியவர்களுக்கு வருவதுபோல் இருக்காது. கண் ஒரே பக்கம் நிலைகுத்தி நிற்கும், வாய் சப்புக்கொட்டும், கால் சைக்கிள் மிதிப்பதுபோல் ஆடும். கூட ஒருவர் இருந்தால் 20 நொடி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் நாம் விவரிப்பதைவிட அந்த வீடியோ மருத்துவருக்கு உதவும்.

வாந்தி. பால் குடித்ததும் கொஞ்சம் கக்குவது எல்லாப் பிள்ளைகளும் செய்வது. பச்சை நிறத்தில், இலைச்சாறு போல வாந்தி வந்தால் கதை வேறு. குடல் முறுக்கிக்கொண்டிருக்கக் கூடும், சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். குழந்தை பார்க்க நன்றாகவே இருந்தாலும் இதற்கு இரவு பகல் பார்க்காதீர்கள். பிறந்து 24 மணி நேரம் ஆகியும் காட்டுப்பீ என்று நம் பாட்டிகள் சொல்லும் கருப்பு மலம் போகவில்லை, வயிறு உப்பிக்கொண்டே வருகிறது என்றாலும் அப்படித்தான்.

மஞ்சள், தொப்புள், இரத்தம். மூன்றாம் நாள் முகத்தில் லேசான மஞ்சள் பெரும்பாலான குழந்தைகளுக்கு வரும். முதல் 24 மணி நேரத்திலேயே வந்தால், அல்லது உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கிவிட்டால் அன்றே இரத்தப் பரிசோதனை வேண்டும். இளம் வெயிலில் காட்டுவது இதற்கு மருந்தாகாது. மருத்துவமனையின் நீல விளக்குதான் மருந்து. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போனால் பித்தக்குழாய் அடைப்பு இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம் என்பதால் நாள் கடத்தாதீர்கள். தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்து பரவினாலோ சீழ் வடிந்தாலோ காட்டுங்கள். தொப்புளிலிருந்தோ மலத்திலோ இரத்தம் போனால் 'கொஞ்சம்தானே' என்று நினைக்காதீர்கள். 3 கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே சுமார் 250 மில்லி, ஒரு பெரிய டம்ளர்.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. தும்மல், விக்கல், தோல் உரிவது, முதல் வாரத்தில் பெண் குழந்தைக்கு ஒரு சொட்டு இரத்தம் போவது, ஆண் பெண் இரு குழந்தைகளுக்கும் மார்பு வீங்குவது எல்லாம் தாயின் ஹார்மோனும் புது உலகமும் செய்கிற வேலை. அந்த மார்பைப் பிதுக்கிப் பால் எடுக்க யாரையும் விடாதீர்கள், புண்ணாகும்.

கிளம்ப வேண்டும் என்று முடிவான பிறகு

முதல் பத்து நிமிடத்தில் வீடே கூச்சலாகிவிடும். எங்கள் வீட்டில் ஒருவர் விபூதி தேடினார், ஒருவர் கார் சாவி தேடினார், ஒருவர் சென்னையில் இருக்கும் சித்தப்பாவுக்குத் தொலைபேசினார். வரிசை இதுதான்:

1. ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும். "குழந்தைக்கு உடம்பு சரியில்லை" என்று தொடங்காதீர்கள். "பிறந்து 9 நாள் ஆன குழந்தை, மூச்சு நிமிடத்துக்கு 78, பால் குடிக்கவில்லை" என்று வயதையும் ஆபத்தையும் முதல் வரியிலேயே சொல்லுங்கள். அடுத்து ஊர், ஒன்றியம், அருகில் இருக்கும் கோயிலோ பள்ளியோ. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் இந்தச் சேவைக்குக் காசு கிடையாது. இன்குபேட்டர் வசதியோடு பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனி வண்டிகளும் அதில் உண்டு.

2. எத்தனை நிமிடத்தில் வண்டி வரும் என்று கேளுங்கள். கையில் கார் இருந்து, மருத்துவமனை அதைவிடக் கிட்டே இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஆனால் ஓட்டுபவர் ஒருவர், குழந்தையைப் பார்த்துக்கொண்டே வருபவர் ஒருவர் என இருவர் வேண்டும். மடியில் போட்டுக்கொண்டு தனியாக ஓட்டிப் போகாதீர்கள். பைக்கில் போகவே போகாதீர்கள்.

3. குழந்தைக்குத் தொப்பி போட்டு, அணையாடை மட்டும் வைத்து, தாயின் அல்லது தந்தையின் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்து, மேலே சட்டையையோ புடவையையோ போர்த்துங்கள். கங்காரு முறை என்பது இதுதான். சுடுதண்ணீர்ப் பை, சூடான செங்கல் வேண்டாம், தோல் வெந்துபோகும். முகம் வெளியே தெரிய வேண்டும், கழுத்து முன்னால் மடங்கக் கூடாது.

4. உறிஞ்சும் தெம்பும் சீரான மூச்சும் இருந்தால் வழியில் தாய்ப்பால் கொடுக்கலாம், சர்க்கரை குறையாமல் இருக்கும். மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டு கிடந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது.

5. ஒருவர் டார்ச்சோடு தெருமுனையில் போய் நிற்க வேண்டும். இரவில் சந்து தேடி வண்டி சுற்றுவதில்தான் நேரம் போகிறது.

எங்கள் வீட்டில் ஐந்தாவதை என் மைத்துனன் தானாகவே செய்தான். மற்ற நான்கையும் முன்பின்னாகத்தான் செய்தோம்.

மூச்சே இல்லை என்றால், பால் புரையேறினால்

பால் புரையேறி இருமினாலோ அழுதாலோ விட்டுவிடுங்கள், இருமலே அதை வெளியே தள்ளும். சத்தமே வராமல் முகம் நீலமானால், குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கிப் பிடித்து, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். போகவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி மார்பின் நடு எலும்பில் 5 முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும்.

அசைவும் மூச்சும் இல்லை என்றால் 108ஐ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குழந்தையைத் தரையில் நேராகப் படுக்கவையுங்கள். தலையை அதிகம் பின்னால் சாய்க்காதீர்கள். உங்கள் வாயால் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, மார்பு லேசாக எழும்பும் அளவுக்கு மட்டும் ஊதுங்கள். கன்னத்தில் இருக்கும் காற்று போதும். மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி. உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். இதைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. பிரசவத்துக்கு முன்பே, சொல்லித்தரும் இடம் தேடிப் பொம்மையில் ஒருமுறையாவது கணவன், மனைவி இருவரும் செய்து பார்த்துவிடுங்கள். முதல் பயிற்சியில் என் கை நடுங்கியது, அதுவும் பொம்மைக்கு.

செய்யக் கூடாதவை, யார் சொன்னாலும்

இந்தப் பகுதிக்காக என்னிடம் கோபித்துக்கொண்ட பெரியவர்கள் உண்டு. குழந்தை துவண்டால் மாந்தம் என்பார்கள், வீறிட்டால் உரம் விழுந்தது என்பார்கள், சிவந்தால் செவ்வாப்பு என்பார்கள். வசம்பு சுட்டு உரைப்பார்கள், புடவையில் போட்டு உருட்டி உரம் எடுப்பார்கள், கோழை எடுக்க வாய்க்குள் விரல் விடுவார்கள். அன்பில் குறைவில்லை. ஆனால் மூச்சு 78 ஓடும் குழந்தையைப் புடவையில் உருட்டும் அரை மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆகையால் சேனை தொட்டு வைப்பதற்கும் தேன் வேண்டாம். கற்பூரம் உடம்பில் ஏறினால் வலிப்பு வரும். துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையின் வாடை சில குழந்தைகளுக்கு இரத்த அணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையில் கொண்டுவிடும், ஆகவே பழைய பெட்டியிலிருந்து எடுத்த துணியை அப்படியே போர்த்தாதீர்கள். மூச்சுத் திணறும் குழந்தைக்குச் சாம்பிராணி காட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர்களோடு வாதம் செய்ய நேரம் இல்லாதபோது நான் கண்ட வழி ஒன்று உண்டு: அவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பது. "அத்தை, நீங்கள் குழந்தையின் துணியையும் அட்டையையும் எடுத்து வையுங்கள்" என்றதும் என் மாமியார் வாசலை விட்டு நகர்ந்துவிட்டார்.

எந்த மருத்துவமனைக்கு?

இதற்கு விடை நள்ளிரவில் தேடக் கூடாது. எட்டாம் மாதத்திலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும், குறிப்பாகப் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது. மனைவிக்குத் தெரிந்த மருத்துவர் இங்கே, குழந்தை அங்கே. அந்த ஊரிலிருந்து கிட்டே, பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது? இரவில் அங்கே மருத்துவர் இருப்பாரா? வெளியில், அதாவது வேறு இடத்தில் பிறந்த குழந்தையைச் சேர்த்துக்கொள்வார்களா? மூன்றுக்கும் விடை கேட்டுத் தாளில் எழுதிக் கதவின் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. வெளியில் பிறந்த குழந்தைகளுக்குத் தனி அறை வைத்திருப்பார்கள். தாலுகா அளவில் சீமாங் மையம் என்று அழைக்கப்படும் அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு மையங்கள் இருக்கின்றன. பெரிய மருத்துவமனை தொலைவில் இருந்து குழந்தை மோசமாக இருந்தால், வழியில் இருக்கும் இப்படியொரு இடத்தில் நிறுத்தி ஆக்சிஜனும் சர்க்கரையும் முதல் ஊசியும் போட்டுக்கொண்டு, அங்கிருந்தே 108 மூலம் மேலே போவது நல்லது. கிளம்பும் முன் "நீங்களே அங்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்" என்று மருத்துவரைக் கேளுங்கள், பரிந்துரைக் கடிதமும் வாங்குங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் போனால் எல்லாவற்றையும் நீங்கள் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

அரசு மருத்துவமனை என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நாளில் அங்கே பார்க்கும் பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கையே அந்தக் கைகளுக்கு ஒரு தனிப் பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. என் மகனின் பொட்டு நரம்பில் முதல் குத்திலேயே ஊசி ஏற்றிய செவிலியர் பெயர் எனக்குத் தெரியாது. முகம் நினைவிருக்கிறது.

உள்ளே போனதும்

உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகள் இவை, வண்டியிலேயே யோசித்து வையுங்கள்: எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை என்ன, சுகப்பிரசவமா அறுவை சிகிச்சையா, பிறந்ததும் அழுததா, பனிக்குடம் உடைந்து எவ்வளவு நேரம் கழித்துப் பிறந்தது, தாய்க்குக் காய்ச்சல், சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்ததா, தாயின் இரத்த வகை என்ன, வைட்டமின் கே ஊசி போட்டார்களா, சொந்தத்தில் திருமணமா, கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது சிறுநீர் போனது, வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள். கடைசிக் கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள். வசம்பு உரைத்து ஊற்றியிருந்தாலும் சொல்லுங்கள். திட்டு விழும், ஆனால் சிகிச்சை சரியாக நடக்கும்.

பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு கதவை மூடிவிடுவார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் பொதுவாக நடப்பது இது: வார்மர் விளக்கின் கீழ் வைப்பார்கள், குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள், டிரிப்ஸ் ஏற்றுவார்கள், ஆக்சிஜன் வைப்பார்கள், இரத்தம் எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதன் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்காகக் காத்திராமல் கிருமிக்கொல்லி ஊசியை முதல் மணி நேரத்திலேயே தொடங்கிவிடுவார்கள். "என்ன நோய் என்றே தெரியாமல் ஊசி போடுகிறார்கள்" என்று சண்டைக்குப் போகாதீர்கள், அப்படித்தான் போட வேண்டும். முதுகுத்தண்டில் ஊசி வைத்து நீர் எடுக்கக் கையெழுத்துக் கேட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று உறவினர் யாராவது சொல்வார். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே எடுக்கும் பரிசோதனை அது. மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. நான் 20 நிமிடம் தயங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தயங்கியிருக்க வேண்டாம்.

மருத்துவரிடம் ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும், ஒருவர் மட்டும் பேசுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: நேற்றைவிட இன்று எப்படி, அடுத்து எதற்காகக் காத்திருக்கிறோம், நாங்கள் என்ன செய்ய வேண்டும். சொன்னதை அப்போதே எழுதிக்கொள்ளுங்கள், வெளியே வந்ததும் மறந்துவிடும்.

பணமும் காகிதமும்

அரசு மருத்துவமனையில், 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, இரத்தம், போக்குவரத்து எல்லாம் இலவசம். தனியாரில் சேர்த்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த மருத்துவமனை இருக்கிறதா, இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் முதல் நாளே கேளுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு. காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, பெற்றோர் ஆதார், தாய் சேய் நல அட்டை, மருத்துவமனை விடுவிப்புச் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுத் தொட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள், கைப்பேசியிலும் படம் எடுத்து வையுங்கள். தனியார் மருத்துவமனையில் ஒரு நாளைக்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். மூன்றாம் நாள் நகையை அடகுவைத்துவிட்டு நான்காம் நாள் அரசு மருத்துவமனைக்கு மாற்றுவதைவிட முதலிலேயே அங்கே போவது குழந்தைக்கும் நல்லது.

தாயை மறந்துவிடாதீர்கள்

தையல் போட்ட உடம்போடு அவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். எல்லோரும் குழந்தையைப் பற்றியே கேட்பார்கள். அவளுக்குக் காய்ச்சல், அதிக உதிரப்போக்கு, கடும் தலைவலி, கால் வீக்கம் இருந்தால் அதே மருத்துவமனையில் அவளையும் காட்டுங்கள். அவள் நேரத்துக்குச் சாப்பிட்டாளா என்பதைக் கணவன்தான் பார்க்க வேண்டும், இது அவனுக்கே உரிய வேலை.

குழந்தை குடிக்காவிட்டாலும் பால் எடுப்பதை நிறுத்தக் கூடாது. ஒரு நாளைக்கு 8 முறையாவது, இரவிலும் ஒருமுறை சேர்த்து, கையைக் கழுவி, மார்பை மெல்ல நீவிப் பீய்ச்சி எடுக்க வேண்டும். முதல் நாள் 5 மில்லி வந்தாலும் அதைக் கொட்டாதீர்கள். குழாய் வழியாகப் பால் கொடுக்கத் தொடங்கும்போது முதலில் கேட்பது அந்த 5 மில்லியைத்தான். வெளியே வைத்தால் 4 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பால் வரவில்லை என்றால் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது, செவிலியரைக் கேளுங்கள்.

என் மனைவிக்கு முதல் இரண்டு நாள் பாலே வரவில்லை. மூன்றாம் நாள் உள்ளே கூப்பிட்டு, கையை முழங்கை வரை கழுவச் சொல்லி, வளையலைக் கழற்றச் சொல்லி, குழந்தையை அவள் நெஞ்சில் படுக்கவைத்தார்கள். பத்து நிமிடத்தில் புடவை நனைந்துவிட்டது. நெஞ்சோடு நெஞ்சு வைக்க அனுமதிப்பார்களா என்று நீங்களே கேளுங்கள், கூட்டத்தில் மறந்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

விடுவிப்புச் சீட்டில் என்ன நோய், எத்தனை நாள் எந்த மருந்து, எடை, அடுத்து வர வேண்டிய தேதி ஆகிய நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். காது கேட்கும் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தை என்றால், பிறந்த 4 வாரத்துக்குள் கண்ணின் விழித்திரையை ஒரு கண் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். குழந்தை நன்றாக இருக்கிறதே என்று இதைத் தவறவிட்டுப் பார்வை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வலிப்போ மூளைக்காய்ச்சலோ வந்திருந்தால் தலை நிற்பது, குப்புறுவது, உட்காருவது எல்லாம் காலத்தில் நடக்கின்றனவா என்று பார்க்க அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று தனிப் பிரிவு உண்டு. வளர்ச்சி தாமதம் தெரிந்த பிறகு போவதைவிட, தேதி கொடுத்தபடி போங்கள். தடுப்பூசி தள்ளிப்போயிருக்கும், கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிப் புதுத் தேதி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஒரு மாதம் இரவில் நீங்கள் தூங்க மாட்டீர்கள். குழந்தை தும்மினாலும் எழுந்து மூச்சை எண்ணுவீர்கள். நான் மூன்று வாரம் எண்ணினேன். 44, 48, 41 என்று தினசரி காலண்டரின் தாள்களில் குறித்து வைத்தவை இன்னும் அலமாரியில் கிடக்கின்றன.